ஆற்றியிருத்தலும் ஆயிரம் மைலும்

ஏர்வாடிக்கு வெளியே கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் ஒரு பெட்ரோல் பங்கில், விடியற்காலை நான்கு மணிக்கு நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். கல்யாணப் பதிவுக்கும் பத்திரப் பதிவுக்கும் சாட்சியாக நின்றிருக்கிறேன். ஒரு பெண் ஊரைவிட்டுக் கிளம்புவதற்குச் சாட்சியாக நின்றது அதுதான் முதல் முறை.

கிளம்பியவள் என் பழைய மாணவி. சின்ன ஏர்வாடிக்காரி. தமிழ் இலக்கியம் படித்துவிட்டு இப்போது ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறாள். செகண்ட் ஹேண்டில் ஒரு ஹிமாலயன் வாங்கியிருந்தாள். விடுமுறைக்கு ஊர் வரும்போதெல்லாம் அந்த வண்டியிலேயே வருவாள். அப்படி வந்து போனதில்தான் நீண்ட தூரம் ஓட்டும் பழக்கம் பிடித்துக்கொண்டது. ஒரு நாள் போனில் கேட்டாள்: "மேம், ஒரு சாட்சிக் கையெழுத்து வேணும். நீங்க வந்தா நல்லாருக்கும்."

அவள் எடுத்துக்கொண்டது 'சாடில்சோர்' என்னும் சவால். அமெரிக்காவில் 1984இல் தொடங்கப்பட்ட 'அயர்ன் பட் அசோசியேஷன்' என்ற அமைப்பு இதை அங்கீகரிக்கிறது. 24 மணி நேரத்துக்குள் 1,000 மைல், அதாவது 1,609 கிலோமீட்டர் மோட்டார் சைக்கிளில் போக வேண்டும். அதற்கு மேலே 36 மணி நேரத்தில் 1,500 மைல், 24 மணி நேரத்திலேயே 1,500 மைல் என்று படிகள் உண்டு. உச்சியில் 11 நாளில் ஏறத்தாழ 11,000 மைல் ஓடும் ஒரு ரேலி. இது பந்தயமல்ல, யாரும் யாரையும் முந்துவதில்லை. கிளம்பும் இடத்தில் பெட்ரோல் போட்ட பில்லில் அச்சாகும் நேரம்தான் தொடக்கம். வழியில் போடும் ஒவ்வொரு பெட்ரோலுக்கும் பில் வேண்டும். முடிவிலும் ஒரு பில். தொடக்கத்துக்கும் முடிவுக்கும் சாட்சிகள். எல்லாவற்றையும் அனுப்பினால், சரிபார்த்து ஒரு சான்றிதழ் தருவார்கள்.

கணக்குப் போட்டால் மணிக்குச் சராசரி 67 கிலோமீட்டர். கேட்பதற்கு எளிது. ஆனால் பெட்ரோல், சாப்பாடு, சிறுநீர், கொஞ்சம் கண்ணயர்வது எல்லாம் அந்த 24 மணி நேரத்துக்குள்தான். நிறுத்தங்களுக்கு ஐந்து மணி நேரம் போனால், ஓடும் நேரத்தில் மணிக்கு 85 கிலோமீட்டர் வேகம் தேவை. ஏர்வாடியிலிருந்து சென்னைக்குப் போய், திரும்பி வந்து, மறுபடியும் சென்னைக்குப் போவதைப் போன்றது. அவள் போட்ட வழி வேறு: ராமநாதபுரம், மதுரை, சேலம், பெங்களூரு தாண்டிக் கர்நாடகத்தின் தாவணகெரே வரை, அங்கிருந்து அதே வழியில் ஏர்வாடி.

அவளுடைய அம்மாவும் பங்குக்கு வந்திருந்தார். கடலில் பாசி எடுக்கப் போகிறவர். மகள் கையுறை மாட்டிக்கொண்டிருந்தபோது என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "டீச்சர், இவ எதுக்குப் போறா?"

"சும்மாதான் அக்கா" என்றேன்.

"சும்மாவா?" என்றார். அந்தக் கேள்விக்கு அப்போது என்னிடம் பதில் இல்லை. இந்தக் கட்டுரை அதற்குப் பதில் தேடியதில் வந்தது.

*

தமிழ் படித்தவளுக்கு எதைப் பார்த்தாலும் திணைதான் முதலில் நினைவுக்கு வரும். பாலைக்குரிய உரிப்பொருள் பிரிதல். முல்லைக்குரியது இருத்தல். உரையாசிரியர்கள் இந்த இருத்தலை ஆற்றியிருத்தல் என்று விளக்குவார்கள். தலைவன் பிரிந்து போவான். கல்விக்காக, தூதுக்காக, போருக்காக, பொருளுக்காக. தலைவி வீட்டிலிருந்து ஆற்றியிருப்பாள். ஆற்றியிருக்க முடியாதபோது அது ஆற்றாமை. அதைப் பாடத்தான் நமக்கு நூற்றுக்கணக்கான பாட்டுகள்.

வகுப்பில் இதைப் பல ஆண்டுகள் நடத்தியிருக்கிறேன். அந்தப் பங்கில் நின்றபோதுதான் ஒன்று உறைத்தது. நம் அக மரபு தூரத்தையும் தாங்குதலையும் பிரித்து, ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்திருக்கிறது. தூரம் அவனுக்கு. தாங்குதல் அவளுக்கு. அவன் பாலை நிலத்தைக் கடக்கிறான்; அவள் நாளைக் கடக்கிறாள். உடன்போக்கில் அவளும் பாலையைக் கடக்கிறாள் என்பது உண்மை. ஆனால் அவனோடு, அவன் பின்னே. கடல் வழிப் பயணம் பெண்ணோடு இல்லை என்று தொல்காப்பியப் பொருளதிகாரம் தெளிவாகவே விதித்துவிட்டது.

அப்படியானால் நம் மரபில் தொலைதூரம் போன பெண்களே இல்லையா? இருக்கிறார்கள். அவர்கள் எப்படிப் போனார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். ஔவையார் ஊர் ஊராகச் சுற்றியவர். ஆனால் மக்கள் நினைவில் அவர் கோலூன்றிய கிழவி. காரைக்கால் அம்மையார் கயிலை வரை போனவர். தன் அழகிய உடலை உதறிப் பேய் வடிவம் கேட்டு வாங்கிய பிறகு, தலையால் நடந்து. கண்ணகி மதுரையிலிருந்து சேர நாட்டு மலைக்குத் தனியே நடந்தவள். கணவனை இழந்து, ஒரு முலையைத் திருகி எறிந்த பிறகு. அதற்கு முன் புகாரிலிருந்து மதுரை வரை வந்த நடையில் அவளுக்குக் கணவனும் கவுந்தியடிகளும் துணை. தனியே தொலைவு போக வேண்டுமானால் பெண் முதலில் தன் உடலைக் கழற்றி வைத்துவிட வேண்டும் என்பதே இவற்றில் இருக்கும் விதி. மூப்பு, பேயுரு, சிதைவு என்று வழிகள் மட்டும் வேறு வேறு.

மணிமேகலை இதில் சுவாரசியமானவள். மணிமேகலா தெய்வம் அவளுக்கு மூன்று மந்திரங்களைக் கொடுக்கிறது. வேற்றுருக் கொள்ள ஒன்று, வானில் பறக்க ஒன்று, பசியை ஒழிக்க ஒன்று. நெடுஞ்சாலையில் தனியே போகும் இளம்பெண்ணுக்கு இன்றைக்கும் தேவைப்படுவது இந்த மூன்றும்தான் என்று சாத்தனாருக்கு எப்படித் தெரிந்ததோ! என் மாணவி தலைக்கவசத்தை மாட்டி, கறுப்பு ஜாக்கெட்டின் ஜிப்பை இழுத்துவிட்டபோது அவள் ஆணா பெண்ணா என்று தெரியவில்லை. "அதுதான் மேம் வசதி" என்றாள். முதல் மந்திரம் கடையில் கிடைக்கிறது. இரண்டாவது மந்திரத்தைத் தவணையில் வாங்கலாம். மூன்றாவதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

நீண்ட தூரப் பயணத்தில் எனக்குப் பிடித்தது இதுதான்: நம் மரபு பிரித்து வைத்த தூரமும் தாங்குதலும் இதில் ஒரே பெண்ணுடலில் சேர்கின்றன. அந்த உடலைக் கழற்றி வைக்க வேண்டியதும் இல்லை. சாடில்சோர் என்றாலே சேணத்தில் உட்கார்ந்து வரும் புண். அமைப்பின் பெயரோ 'இரும்புப் பிட்டம்'. பெயரே உடலையும் அதன் வலியையும் சொல்லிச் சிரிக்கிறது. வலிக்கும் உடலோடு, இளமையான உடலோடு, தீட்டு வரும் உடலோடு ஒரு பெண் இதைச் செய்கிறாள். காரைக்கால் அம்மையாருக்குக் கிடைக்காத வசதி இது.

*

ஆனால் இந்தப் பெண்களைப் பற்றி எழுதப்படுவதைப் படித்தால் வேறொரு சித்திரம் கிடைக்கிறது.

1916இல் அமெரிக்காவில் அகஸ்டா, அடலின் என்னும் வான் பியூரன் சகோதரிகள் ஆளுக்கொரு இந்தியன் மோட்டார் சைக்கிளில் நாட்டின் கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரை வரை போனார்கள். உலகப் போர்க் காலம். பெண்களும் ராணுவத்தில் தகவல் கொண்டுசெல்லும் வேலையைச் செய்ய முடியும் என்று காட்டுவது அவர்கள் நோக்கம். வழியில் ஆண் உடை அணிந்ததற்காகக் கைது செய்யப்பட்டார்கள். பயணம் முடிந்ததும் மோட்டார் சைக்கிள் பத்திரிகை வண்டியைப் புகழ்ந்தது. சகோதரிகளின் பயணத்தை விடுமுறை உலாபோல எழுதியது. அடலின் ராணுவத்துக்கு விண்ணப்பித்தார், மறுத்துவிட்டார்கள். ஓடியது வண்டி, ஓட்டியவர்கள் சும்மா மேலே உட்கார்ந்திருந்தார்கள் என்பதுபோல.

நூறு ஆண்டு கழிந்தும் எழுத்து அதிகம் மாறவில்லை. தமிழில் பெண் பைக்கர்களைப் பற்றி வரும் செய்திகளை மாணவிகளோடு சேர்ந்து வகுப்பில் படித்திருக்கிறேன். இரண்டு வழக்கங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒன்று, 'இரண்டு குழந்தைகளின் தாய்' என்ற அடைமொழி. லடாக் போய் வந்த ஆணை 'இரண்டு குழந்தைகளின் தந்தை' என்று யாரும் தொடங்குவதில்லை. மற்றது, நோக்கம். பெண் கல்விக்காக, புற்றுநோய் விழிப்புணர்வுக்காக, தண்ணீர் சேமிப்புக்காக, உலக அமைதிக்காக. பையன்கள் பிரேக் எப்படிப் பிடிக்கிறது என்று பார்ப்பதற்காகக் கொடைக்கானல் போய் வருகிறார்கள். பெண் கிளம்ப வேண்டுமானால் கையில் ஒரு பதாகை வேண்டும்.

2018இல் ஜெய் பாரதி தலைமையில் ஹைதராபாத்திலிருந்து நான்கு பெண்கள் கிளம்பி, மியான்மர், தாய்லாந்து, லாவோஸ், கம்போடியா, வியட்நாம் என்று ஏறத்தாழ 17,000 கிலோமீட்டர் போய் வந்தார்கள். அவர்களில் ஒருவரான பியா பகதூர் அதை நூலாகவும் எழுதினார். யுனெஸ்கோ மரபிடங்களைப் பார்ப்பது, சுற்றுலாவை வளர்ப்பது என்பவை அந்தப் பயணத்தோடு சேர்த்துச் சொல்லப்பட்டன. அந்தப் பெண்களைக் குறை சொல்ல வரவில்லை. அனுமதிக்கும் பணத்துக்கும் காரணம் கேட்கும் உலகத்தில் காரணத்தோடுதான் போக முடியும். சங்கத் தலைவனுக்கே பிரிவுக்குக் காரணம் வேண்டியிருந்தது. இடைக்காலத்தில் அவன் வழித்தோன்றல்கள் காரணத்தைத் தொலைத்துவிட்டார்கள். நாம் அதைக் கண்டெடுத்துத் தலையில் சுமக்கிறோம். சென்னையைச் சேர்ந்த சித்ரா பிரியா சாடில்சோர் சவாலை முடித்தவர். அதை எதற்காகச் செய்தார் என்று கேட்காமல், எப்படிச் செய்தார், எந்த ஊரில் தூக்கம் வந்தது, எங்கே நிறுத்தினார் என்று கேட்கும் ஒரு பேட்டியைத் தமிழில் படிக்க ஆசை.

நோக்கமே கூடாது என்றும் நான் சொல்லவில்லை. எங்கள் பக்கத்துப் புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின் பகுதியாகப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணை நின்றார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் சைக்கிளில் ஏறினார்கள். பத்திரிகையாளர் பி.சாய்நாத் அதைப் பதிவு செய்தபோது ஒரு சின்ன விஷயத்தைக் கவனித்தார்: லேடீஸ் சைக்கிள் போதுமான அளவு கிடைக்காததால் பெண்கள் ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள், முன்னால் இருக்கும் அந்தக் கம்பியில் குழந்தையை உட்காரவைக்க முடியும் என்பதால் சிலர் அதையே விரும்பினார்கள். அரசுக்கு நோக்கம் எழுத்தறிவு. அந்தப் பெண்களுக்குத் தண்ணீர் எடுக்க, வேலைக்குப் போக, அதற்கும் மேலே காற்று முகத்தில் அடிக்க. காரணம் கதவைத் திறந்தது. திறந்த பிறகு அவர்கள் எங்கே போனார்கள் என்பது அவர்கள் பாடு. 2018இல் தமிழ்நாடு அரசு வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஸ்கூட்டர் வாங்க மானியம் தந்தபோதும், 2021இல் நகரப் பேருந்தில் கட்டணமில்லாப் பயணம் வந்தபோதும் இதுதான் நடந்தது. வேலைக்கு என்று தரப்பட்டதில் பெண்கள் கடற்கரைக்கும் போனார்கள்.

சாலை எல்லாருக்கும் ஒன்று என்றும் எண்ணிவிடக் கூடாது. அமெரிக்கக் கறுப்பினப் பெண் பெஸ்ஸி ஸ்ட்ரிங்ஃபீல்டு 1930களிலும் 40களிலும் தனியே நாட்டைக் குறுக்கும் நெடுக்குமாகக் கடந்தவர். தங்கும் விடுதிகள் நிறத்தைச் சொல்லி இடம் மறுத்தபோது பெட்ரோல் நிலையத்தில் வண்டியின் மீதே படுத்துத் தூங்கினார். நம் பக்கத்துக் கதையும் உண்டு. 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் ஒரு தலித் கல்லூரி மாணவரின் கைகள் வெட்டப்பட்டன. புல்லட் ஓட்டியது பொறுக்காத ஆதிக்க சாதிக்காரர்கள் வெட்டினார்கள் என்று குடும்பத்தார் புகார் சொன்னார்கள். ஏர்வாடியிலிருந்து மதுரை போகிறவர்கள் அந்த மாவட்டத்தைக் கடந்துதான் போக வேண்டும். தலைக்கவசம் பெண் என்பதை மறைக்கும். ஊருக்குள் நுழைந்தால் வண்டியே யாருடையது என்று காட்டிக்கொடுத்துவிடும்.

*

அன்று காலை மாணவியை அனுப்பிவிட்டுத் தேநீர்க்கடையில் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன். என் அத்தை கடலாடிப் பக்கம் வாழ்க்கைப்பட்டவர். ஊருணிக்குக் காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை. போகவர நாளுக்கு நான்கு கிலோமீட்டர். 1,609ஐ நான்கால் வகுத்தால் 402 நாள். அப்படியானால் பதிமூன்று மாதத்துக்கு ஒரு முறை என் அத்தை ஒரு சாடில்சோர் தூரத்தை இடுப்பில் குடத்தோடு முடித்திருக்கிறார். பில் இல்லை. சாட்சி இல்லை. சான்றிதழ் இல்லை.

இப்படி எழுதியதும் எனக்கே சிலிர்த்தது. கட்டுரை முடிந்தது என்றுகூட நினைத்தேன். நம் பெண்கள் தினமும் செய்வதைவிடவா இந்த பைக் சவால் பெரிது என்று முடித்திருந்தால் மேடையில் கைதட்டலும் கிடைத்திருக்கும்.

பிறகு யோசித்தபோது அந்த வாக்கியம் யாருடையது என்று புரிந்தது. அது என் அத்தையின் மாமியாருடையது. பொறுமைக்குப் பூமாதேவி என்று சொல்லிச் சொல்லியே குடத்தைக் கையில் கொடுத்தவர்களுடையது. பெண்ணின் தாங்குதலைப் புகழ்வது இங்கே புதிதல்ல. ஆற்றியிருத்தல் என்று இலக்கணப் பெயரிட்டே புகழ்ந்திருக்கிறோம். அத்தைக்குக் கிடைக்காதது சான்றிதழ் மட்டுமா? அத்தையின் நடைக்கு முடிவு கிடையாது. அடுத்த நாள் காலையிலும் குடம் காலிதான். இன்றைக்கு வேண்டாம் என்று சொல்லும் உரிமை கிடையாது. சவாலுக்கு 24 மணி நேரம் என்று ஒரு கரை இருக்கிறது. அதைத் தொடங்கியவளே நிறுத்தலாம். தானே ஏற்பது, முடிவு இருப்பது, இடையில் நிறுத்த முடிவது ஆகிய மூன்றையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் தாங்குதல். அது சாதனையல்ல, சுமை.

தாங்குதலை நிறுத்தும் உரிமை இல்லாத இடம் எப்படி இருக்கும் என்பது ஏர்வாடிக்குத் தெரியும். 2001 ஆகஸ்ட் 6 விடிவதற்கு முன் இங்கே ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அவர்களில் பெண்களும் இருந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. அப்படிப்பட்ட காப்பகங்கள் மூடப்பட்டன. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது.

தர்காவுக்கு வரும் குடும்பங்களோடு பல முறை பேசியிருக்கிறேன். மகனை அழைத்து வருபவர்கள் அவன் அடிக்கிறான், கத்துகிறான் என்பார்கள். மகளை அழைத்து வந்த ஒரு தாய் சொன்னது வேறு: "நடந்துக்கிட்டே இருக்கா டீச்சர். வீடு தங்க மாட்டேங்கிறா." நோயை விடுதலை என்று நான் சொல்ல வரவில்லை. அந்தப் பெண்ணுக்கு மருத்துவம் தேவைப்பட்டது. அந்தத் தாயின் துயரம் பொய்யல்ல. ஆனால் 'வீடு தங்காதவள்', 'ஊர் சுற்றி' என்பவை நம் மொழியில் எவ்வளவு எளிதாக நோயின் பெயராகவும் வசையின் பெயராகவும் மாறிவிடுகின்றன! 'ஊர் சுற்றி' என்பதை ஆணுக்குச் சொன்னால் பொறுப்பில்லாதவன். பெண்ணுக்குச் சொன்னால் அதற்கு மேல் பேச்சே இல்லை.

*

இரவு பத்து நாற்பதுக்கு மாணவி கூப்பிட்டாள். கிருஷ்ணகிரி அருகே சுங்கச்சாவடியை ஒட்டி நிற்பதாகச் சொன்னாள். ஓடோமீட்டர் கணக்கில் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் வந்திருந்தாள். இன்னும் நானூறுக்கு மேல் பாக்கி. நேரம் ஐந்தே கால் மணி இருந்தது.

"மேம், முடியல. நிறுத்திடறேன்."

நான் சொன்ன முதல் வார்த்தைகளை மறைக்காமல் எழுத வேண்டும். "இன்னும் கொஞ்சம்தானேம்மா? ஒரு டீ குடிச்சிட்டுப் பாரேன்" என்றேன். பெண் விடுதலை பற்றி மேடைகளில் பேசுகிறவள். காலையில்தான் பூமாதேவியைப் பற்றி அத்தனை யோசித்தவள். இரவில் என் வாயிலிருந்து வந்தது அத்தையின் மாமியார் குரல். எனக்கு ஒரு நல்ல கட்டுரை வேண்டியிருந்தது. ஏர்வாடிப் பெண் ஆயிரம் மைல் என்று தலைப்புகூட யோசித்து வைத்திருந்தேன். அவளுடைய கண் செருகுவது என் தலைப்புக்கு இடைஞ்சலாக இருந்தது.

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்: "ஓசூர்ல என் ரூமைத் தாண்டும்போதே தூக்கம் வந்துச்சு மேம். நீங்க என்ன நினைப்பீங்களோன்னு தாண்டி வந்துட்டேன்."

அதற்குப் பிறகு நான் டீயைப் பற்றிப் பேசவில்லை.

எங்கே பிழைத்தது என்று மறுநாள் இருவரும் உட்கார்ந்து பேசினோம். தாவணகெரேயில் திரும்பும் வரை நேரம் சரியாகவே இருந்திருக்கிறது. சித்ரதுர்கா தாண்டி ஒரு பங்கில் பெண்கள் கழிப்பறை பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்தவர் வீட்டுக்குப் போய்விட்டார். அடுத்ததில் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. அதன் பிறகு அவள் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டாள். மாதவிடாயின் இரண்டாம் நாள் வேறு. கவசமும் ஜாக்கெட்டும் போட்டு வெயிலில் ஓட்டும்போது உடலில் நீர் வற்றினால் முதலில் வருவது தலைவலி, அடுத்தது அசதி, அதற்கடுத்தது கண் திறந்திருக்கும்போதே மூளை ஓரிரு நொடி உறங்கிவிடும் குறுந்தூக்கம். மணிக்கு 85 கிலோமீட்டரில் ஒரு நொடிக்கு வண்டி 23 மீட்டருக்கு மேல் ஓடிவிடும்.

மணிமேகலையின் மூன்றாவது மந்திரம் இதுதான். அவளுக்குப் பசி இல்லாமல் போனது. ஆகவே தாகம், சிறுநீர், ரத்தம் எதையும் சாத்தனார் எழுத வேண்டியிருக்கவில்லை. என் மாணவிக்கு அந்த மந்திரம் கிடையாது. சவாலின் கடிகாரம் எல்லாருக்கும் ஒன்றுதான். அதில் பாரபட்சம் இல்லை. ஆண் சாலையோரம் நிறுத்தி இரண்டு நிமிடத்தில் கிளம்புகிறான். பெண் வெளிச்சமுள்ள பங்கைத் தேடி, சாவியைக் கேட்டு, ஜாக்கெட்டைக் கழற்றி, மாட்டிக் கிளம்ப ஒரு நிறுத்தத்துக்குப் பத்து நிமிடம் கூடுதலாகிறது என்று வையுங்கள். எட்டு நிறுத்தத்துக்கு 80 நிமிடம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் அது நூறு கிலோமீட்டருக்கும் மேல். அவள் 1,609 ஓட்டவில்லை. 1,700க்கு மேல் ஓட்ட வேண்டியிருந்தது. எந்தச் சான்றிதழிலும் அந்த நூறு கிலோமீட்டர் ஏறாது.

இந்தச் சவாலை நடத்துகிறவர்களும் களைத்தால் நிறுத்து, தூங்கு, சவால் எங்கும் போய்விடாது என்றுதான் சொல்கிறார்கள். விதி நிறுத்தச் சொல்கிறது. நிறுத்தக் கூடாது என்பது நாம் சேர்ப்பது. ஆண்கள் சேர்ப்பதற்கு அவர்கள் வீரம் காரணம். பெண்கள் விஷயத்தில் இன்னொன்றும் சேருகிறது: இவள் தோற்றால் பெண்களே தோற்றதாகிவிடும் என்ற பயம். அந்தப் பயத்தைத்தான் நான் சாட்சிக் கையெழுத்தோடு சேர்த்து அவள் பையில் போட்டு அனுப்பியிருக்கிறேன். 'சும்மாதான்' என்று அவள் அம்மாவிடம் சொன்னேனே, அது பொய். என் நோக்கம் ஒன்றை அவளுக்கே தெரியாமல் அவள் மீது ஏற்றியிருந்தேன். செய்தித்தாளுக்குப் பதாகை வேண்டியிருந்தது. எனக்குப் பாடம் வேண்டியிருந்தது. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

*

அவள் கிருஷ்ணகிரியில் ஒரு லாட்ஜில் தூங்கி, மறுநாள் மதியத்துக்கு மேல் ஏர்வாடி வந்து சேர்ந்தாள். அதற்கு முன், காலையில், அவள் அம்மாவிடம் விஷயத்தைச் சொல்லப் போனேன். பாசி எடுக்கும் நாள் அது. விரல்களில் துணிக் கீற்றைச் சுற்றிக்கொண்டிருந்தார். பாறை கிழிக்காமலிருக்கக் காலில் ரப்பர் செருப்பு, முகத்துக்குக் கண்ணாடி, இடுப்பில் பாசியைப் போடும் பை. நான் தயங்கித் தயங்கி, அவளால் முடிக்க முடியவில்லை, பாதியில் நிறுத்திவிட்டாள் என்றேன்.

"நிறுத்துனாளா? நல்லது" என்றார். "மூச்சு முட்டுதுன்னா ஏறிரணும் டீச்சர். இன்னும் ஒரு பிடி, இன்னும் ஒரு பிடின்னு கீழயே கெடந்தா ஆளு வராது."

மன்னார் வளைகுடாப் பெண்களின் பாசி எடுப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவர்களுடைய உழைப்பை, துணிச்சலை, வறுமையைச் சொல்வார்கள். தீவுகள் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பிறகு வனத்துறையோடு அவர்களுக்கு நடக்கும் இழுபறியைச் சொல்வார்கள். எல்லாம் உண்மை. எனக்கு இப்போது முக்கியமாகப் படுவது வேறொன்று. இந்தக் கரைப் பெண்கள் கூடிப் பேசி, மாதத்தில் 12 நாள்தான் பாசி எடுப்பது, இனப்பெருக்கக் காலத்தில் எடுப்பதில்லை, இரும்புக் கருவியால் சுரண்டுவதில்லை என்று தங்களுக்குத் தாங்களே வரம்பு வைத்தார்கள். பாசி மறுபடி வளர வேண்டும் என்பதற்காக. அவர்களில் ஒருவரான பாம்பன் சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015இல் சீகாலஜி என்னும் சர்வதேச அமைப்பின் விருது கிடைத்தது. தாங்கியதற்கு மட்டும் கிடைத்த விருதாக நான் அதைப் பார்க்கவில்லை. எங்கே நிறுத்துவது என்று பெண்களே கூடி முடிவெடுத்ததற்கும் அது கிடைத்தது. ஆற்றியிருத்தலுக்குப் பெயர் வைத்த இலக்கணத்தில் இதற்குப் பெயர் இல்லை.

மாணவி மறுபடி போகப் போகிறாள். இந்த முறை தேதியை அவள் உடம்பைப் பார்த்துக் குறித்திருக்கிறாள். ராமநாதபுரத்திலிருந்து தாவணகெரே வரை எந்தப் பங்கில் பெண்கள் கழிப்பறை இரவிலும் திறந்திருக்கும் என்று, தெரிந்த பெண் ஓட்டுநர்களிடமும் லாரிக்காரர்களிடமும் கேட்டு ஒரு பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறாள். என் வகுப்பு மாணவிகள் மதுரை வரைக்குமான பட்டியலை முடித்துக் கொடுத்துவிட்டார்கள். கழிப்பறை இல்லாத பங்குகள்தான் அதில் நிறைய.

பழைய சாட்சித் தாள் என்னிடம்தான் இருக்கிறது. தொடக்கப் பகுதியில் என் கையெழுத்து. முடிவுப் பகுதி காலி. "அதைக் கிழிச்சுப் போட்டுருங்க மேம், புதுசு கொண்டாறேன்" என்றாள். கிழிக்கவில்லை. அடுத்த முறை நான்கு மணிக்குப் பங்கில் நிற்கும்போது அவள் அம்மா மறுபடியும் எதற்குப் போகிறாள் என்று கேட்டால், சும்மாதான் என்று சொல்வதற்கு முன் ஒரு முறை அதை எடுத்துப் பார்த்துக்கொள்வேன்.